டிபிஎம்எஸ் மினி பிராஜெக்ட்: வெற்றுத் தாளிலிருந்து வைவா மேசை வரை

டேட்டாபேஸ் (டிபிஎம்எஸ்) பாடத்துக்கு மினி பிராஜெக்ட் என்று அறிவித்தவுடன் பெரும்பாலான குழுக்கள் மென்பொருளை இறக்கி நிறுவுகின்றன. அடுத்து லாகின் பக்கத்துக்கு நிறம் தேர்ந்தெடுக்கிறார்கள். டேபிள்களைப் பற்றி யோசிப்பது கடைசி வாரத்தில்தான். வைவா என்ற வாய்மொழித் தேர்விலோ கேள்விகள் எல்லாம் டேபிள்களைப் பற்றியே வரும். அதனால் இங்கே வரிசையை மாற்றிப் போட்டிருக்கிறேன். முதலில் கேள்விகள், அப்புறம் டேபிள்கள், அதற்குப் பிறகுதான் கணினி.

எடுத்துக்காட்டாகக் கல்லூரி நூலகத்தை எடுத்துக்கொள்கிறேன். எல்லாரும் செய்கிற தலைப்புதான், பழசுதான். ஆனாலும் இதை ஒழுங்காகச் செய்தவர்கள் குறைவு. கட்டளைகளைப் படிக்க வசதியாக உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

எந்த மென்பொருள்

பாடத்திட்டத்திலோ லேப் மேனுவலிலோ ஒரு மென்பொருளைச் சொல்லியிருந்தால் அதையே பயன்படுத்துங்கள், விவாதமே வேண்டாம். உங்கள் விருப்பம் என்றால் என் பரிந்துரை எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருள். ரிச்சர்ட் ஹிப் 2000-ஆம் ஆண்டு வெளியிட்டது. சர்வர் கிடையாது, பாஸ்வேர்ட் கிடையாது, போர்ட் எண் (கணினியில் ஒரு மென்பொருளை அடைகிற வாசல் எண்) தகராறு கிடையாது. முழு டேட்டாபேஸும் ஒரே ஃபைல். பைத்தான் நிறுவியிருந்தால் அதற்குள்ளேயே எஸ்க்யூலைட்டும் வந்துவிடுகிறது. கண்ணால் பார்த்து வேலை செய்ய டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள்.

மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டும் சர்வர் வகை. பல பேர் ஒரே நேரத்தில் எழுத வேண்டிய இடத்தில் அவைதான் சரி. மைஎஸ்க்யூஎல் வழக்கமாக 3306 என்ற போர்ட்டையும், போஸ்ட்கிரெஸ் 5432-ஐயும் பிடித்துக்கொள்ளும். மைஎஸ்க்யூஎல்லைத் தனியாக நிறுவிவிட்டு அதன்மேல் சாம்ப் என்ற தொகுப்பையும் (வெப் சர்வரும் டேட்டாபேஸும் சேர்ந்தது) நிறுவினால் இரண்டும் 3306-க்கு அடித்துக்கொள்ளும். பாதி மாணவர்களின் முதல் நாள் இதிலேயே போய்விடுகிறது. சாம்ப்பில் இப்போது வருவது மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்த மரியாடிபி என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அறிக்கையில் மைஎஸ்க்யூஎல் என்று எழுதிவிட்டு, திரையில் வேறு பெயர் தெரிந்தால் அது ஒரு வைவா கேள்வி ஆகிவிடும்.

கணினியை மூடிவிட்டுக் கேள்விகளை எழுதுங்கள்

ஒரு தாளில், நூலகரும் மாணவரும் இந்த டேட்டாபேஸிடம் என்ன கேட்பார்கள் என்று எழுதுங்கள். டேட்டாபேஸிடம் கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் இல்லை, சாதாரணத் தமிழில்.

- இந்த நூல் இப்போது அலமாரியில் இருக்கிறதா? எத்தனை பிரதிகள்?
- இந்த ஆசிரியர் எழுதிய எல்லா நூல்களும் எவை?
- கெடு தாண்டியும் திருப்பாதவர்கள் யார், எத்தனை நாள் தாமதம்?
- இந்தக் குறிப்பிட்ட பிரதியைக் கடைசியாக எடுத்துப் போனவர் யார்? பக்கம் கிழிந்திருக்கிறது.
- ஒரு நூலும் எடுக்காத உறுப்பினர்கள் யார்?
- எந்தத் துறை மாணவர்கள் அதிகம் எடுக்கிறார்கள்?

எட்டு, பத்து கேள்விகள் போதும். டேபிள் வடிவம் இந்தக் கேள்விகளிலிருந்துதான் பிறக்க வேண்டும். எந்தக் கேள்விக்கும் பயன்படாத ஃபீல்டு (டேபிளின் ஒரு நெடுவரிசை) எதற்கு? தந்தை பெயர், ரத்த வகை, வீட்டு முகவரி என்று அட்மிஷன் படிவத்தை அப்படியே இறக்கி வைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

நான்காவது கேள்வியைக் கவனியுங்கள். பெரும்பாலான நூலக பிராஜெக்ட்கள் தோற்பது அங்கேதான். 'புக்' என்று ஒரே டேபிள் வைத்து, அதில் தலைப்பு, ஆசிரியர், எண்ணிக்கை என்று எழுதி, எண்ணிக்கை 5 என்று போட்டுவிடுகிறார்கள். ஐந்தில் எந்தப் பிரதி கிழிந்தது, எது தொலைந்தது என்று அந்த டேபிளால் சொல்லவே முடியாது. உண்மையான நூலகம் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டது. ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனி அக்செஷன் நம்பர் கொடுத்து, பதிவேட்டில் எழுதி, புத்தகத்திலும் முத்திரை குத்துகிறார்கள். கல்லூரி நூலகத்தில் ஏதாவது ஒரு பாடப்புத்தகத்தின் இரண்டு பிரதிகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தலைப்பு ஒன்று, ஐஎஸ்பிஎன் ஒன்று, அக்செஷன் நம்பர் மட்டும் வேறு. நூல் ஒரு டேபிள், பிரதி இன்னொரு டேபிள் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

டேபிள்கள்

நம் கேள்விகளுக்கு ஏழு டேபிள்கள் தேவைப்படும்.

டிபார்ட்மென்ட்: துறைக் குறியீடு, துறைப் பெயர்.
மெம்பர்: உறுப்பினர் எண், பெயர், துறைக் குறியீடு, கைபேசி.
டைட்டில்: தலைப்பு எண், நூல் பெயர், ஐஎஸ்பிஎன், பதிப்பு.
ஆத்தர்: ஆசிரியர் எண், பெயர்.
டைட்டில்_ஆத்தர்: தலைப்பு எண், ஆசிரியர் எண்.
காப்பி: அக்செஷன் நம்பர், தலைப்பு எண், நிலை.
லோன்: லோன் எண், அக்செஷன் நம்பர், உறுப்பினர் எண், எடுத்த தேதி, கெடு தேதி, திருப்பிய தேதி.

டைட்டில்_ஆத்தர் ஏன் தனியாக இருக்கிறது? ஒரு நூலுக்கு இரண்டு, மூன்று ஆசிரியர்கள் இருப்பது பாடப்புத்தகங்களில் சர்வசாதாரணம். ஒரு ஆசிரியர் பல நூல்கள் எழுதியிருப்பார். இரு பக்கமும் பல என்றால் நடுவில் ஒரு டேபிள் கட்டாயம். இரண்டு எண்களும் சேர்ந்ததுதான் அதன் ப்ரைமரி கீ, அதாவது ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டுவது. ஒரே ஃபீல்டில் கமா போட்டு ஆசிரியர்களை அடுக்கினால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு நம்பிப் பதில் சொல்ல முடியாது. டேபிள்களை ஒழுங்காகப் பிரிக்கும் விதிகளை நார்மல் ஃபார்ம் என்பார்கள். முதல் நார்மல் ஃபார்ம் தடுப்பது இதைத்தான்.

துறைப் பெயரை மெம்பரிலேயே வைத்தால் என்ன ஆகும்? ஒருவர் 'சிஎஸ்இ' என்று அடிப்பார், இன்னொருவர் 'கம்ப்யூட்டர் சயின்ஸ்' என்று அடிப்பார். துறைவாரிக் கணக்கு எடுத்தால் ஒரே துறை இரண்டு வரிசையாக நிற்கும். புதிதாகத் தொடங்கிய, இன்னும் மாணவர் சேராத துறையைப் பதிவு செய்யவும் வழி இருக்காது. உறுப்பினர் எண் துறைக் குறியீட்டைத் தீர்மானிக்கிறது, துறைக் குறியீடு துறைப் பெயரைத் தீர்மானிக்கிறது. இந்தச் சங்கிலியை வெட்டுவதுதான் மூன்றாவது நார்மல் ஃபார்ம். நார்மல் ஃபார்ம்களின் இலக்கணத்தை மனப்பாடமாக ஒப்பிப்பதைவிட, உங்கள் டேபிளையே காட்டி இப்படி விளக்கினால் மதிப்பெண் கூடும். இந்த முறைக்கெல்லாம் தொடக்கம் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970-இல் வெளியிட்ட கட்டுரை. நீங்கள் வரையப்போகும் இஆர் படம் (பொருள்களையும் அவற்றின் உறவுகளையும் காட்டுவது) பீட்டர் சென் 1976-இல் முன்வைத்தது. இரண்டையும் கேட்பார்கள்.

லோன் டேபிளில் இன்னொரு முடிவும் ஒளிந்திருக்கிறது. 'வெளியே இருக்கிறதா' என்று தனி ஃபீல்டு வைக்கவில்லை. திருப்பிய தேதி நல் (மதிப்பே இல்லாத நிலை) ஆக இருந்தால் பிரதி வெளியே இருக்கிறது, அவ்வளவுதான். தனி ஃபீல்டு வைத்தால் ஒரே உண்மை இரண்டு இடத்தில் இருக்கும். ஒருநாள் ஒன்று மாறி, மற்றொன்று மாறாமல் நிற்கும். காப்பியில் உள்ள 'நிலை' வேறு விஷயம். அது தொலைந்தது, பைண்டிங்குக்குப் போயிருக்கிறது போன்றவற்றுக்கு.

டேபிள், ஃபீல்டு பெயர்களை ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். 'ஆர்டர்', 'குரூப்' போன்றவை எஸ்க்யூஎல்லின் சொந்தச் சொற்கள். அவற்றை டேபிள் பெயராக வைத்தால் காரணமே புரியாத பிழை வரும்.

வகையும் கட்டுப்பாடும்

டிபி பிரவுசரில் நியூ டேட்டாபேஸ் கொடுத்து ஃபைலுக்குப் பெயர் வைத்ததும் டேபிள் செய்யும் பெட்டி தானாகத் திறக்கும். அதை மூடிவிடுங்கள். எக்சிக்யூட் எஸ்க்யூஎல் என்ற பகுதிக்குப் போய் கிரியேட் டேபிள் கட்டளைகளைக் கையால் எழுதுங்கள். கிளிக் செய்து உருவாக்குவது சுலபம்தான். ஆனால் பரீட்சை ஹாலில் கிளிக் செய்ய எதுவும் இருக்காது.

உறுப்பினர் எண், கைபேசி எண், ஐஎஸ்பிஎன் மூன்றும் டெக்ஸ்ட். கூட்டல் கழித்தல் செய்யாத எண்ணை எண்ணாக வைக்காதீர்கள், முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும்.

தேதிக்கு எஸ்க்யூலைட்டில் தனி வகை இல்லை. டெக்ஸ்டாகத்தான் வைக்க வேண்டும், ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில்: 2025-12-20. நம் வழக்கப்படி நாளை முன்னால் போட்டு 05/11/2025, 12/01/2025 என்று எழுதினால், வரிசைப்படுத்தும்போது நவம்பர் முன்னாலும் ஜனவரி பின்னாலும் வரும். எழுத்தெழுத்தாக ஒப்பிடுகிற கணினிக்கு 05 சின்னது, 12 பெரிது.

எஸ்க்யூலைட்டுக்கு இன்னும் சில விசித்திரங்கள் உண்டு. இன்டிஜர் என்று சொன்ன ஃபீல்டில் 'பத்து' என்று எழுத்தில் போட்டாலும் பேசாமல் வாங்கிக்கொள்ளும். டேபிள் கட்டளையின் இறுதியில் 'ஸ்ட்ரிக்ட்' என்று சேர்த்தால் இது நிற்கும். 2021-இல் வந்த 3.37 பதிப்பு முதல் இந்த வசதி இருக்கிறது. அதேபோல டெக்ஸ்ட் வகை ப்ரைமரி கீயில் நல் நுழைய விடும், பழைய பிழை ஒன்றை இன்றுவரை அப்படியே வைத்திருக்கிறார்கள். ஆகவே ப்ரைமரி கீ என்று எழுதினாலும் கூடவே நாட் நல் என்று எழுதுங்கள்.

ஒரு டேபிளில் உள்ள எண் இன்னொரு டேபிளிலும் இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லும் ஃபாரின் கீ விஷயம்தான் மிகப் பெரிய பொறி. எஸ்க்யூலைட்டில் ஃபாரின் கீ சோதனை இயல்பாக அணைந்திருக்கும். டிபி பிரவுசர் அதைத் தானே இயக்கிவிடுகிறது, ஆகவே அங்கே எல்லாம் ஒழுங்காகத் தெரியும். பைத்தானிலிருந்து இணைக்கும்போது இல்லாத உறுப்பினருக்குக்கூட நூல் கொடுக்கலாம், ஒரு பிழையும் வராது. ஒவ்வொரு முறை இணைப்பு திறந்ததும் முதல் வரியாக 'ப்ராக்மா ஃபாரின்_கீஸ் = ஆன்' கொடுத்துவிடுங்கள்.

அடுத்து செக், அதாவது மதிப்புக்கு நிபந்தனை போடும் கட்டுப்பாடு. திருப்பிய தேதி நல் ஆக இருக்கலாம், இல்லையென்றால் எடுத்த தேதிக்குச் சமமாகவோ பின்னாலோ இருக்க வேண்டும் என்று லோனில் எழுதுங்கள். மைஎஸ்க்யூஎல் பயன்படுத்துபவர்கள் பதிப்பைப் பாருங்கள். 8.0.16-க்கு முந்தைய மைஎஸ்க்யூஎல் செக்கைப் படித்துவிட்டுக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்.

பிராஜெக்டைத் தனித்துக் காட்டப்போவது இந்த ஒரு வரி:

'கிரியேட் யுனீக் இண்டெக்ஸ் ஒன்_ஓப்பன் ஆன் லோன்(அக்செஷன்_நோ) வேர் ரிட்டர்ன்_டேட் ஈஸ் நல்'

இண்டெக்ஸ் என்பது டேபிளில் தேட உதவும் பட்டியல், யுனீக் என்றால் அதில் ஒரே மதிப்பு இரண்டு முறை வராது. திரும்பி வராத லோன் ஒரு பிரதிக்கு ஒன்றுதான் இருக்கலாம் என்று அர்த்தம். ஒரே பிரதியை இரண்டு பேருக்குக் கொடுக்க டேட்டாபேஸே விடாது. உங்கள் நிரலில் ஓட்டை இருந்தாலும் சரி. எஸ்க்யூலைட்டிலும் போஸ்ட்கிரெஸிலும் இது வேலை செய்யும். மைஎஸ்க்யூஎல்லில் இந்த வகை இண்டெக்ஸ் இல்லை, வேறு வழியில்தான் தடுக்க வேண்டும்.

தமிழில் பெயர் வைத்தால்

தாராளமாக வைக்கலாம். எஸ்க்யூலைட் யூனிகோடைச் சேமிக்கும். மைஎஸ்க்யூஎல்லில் டேட்டாபேஸ் உருவாக்கும்போதே யுடிஎஃப்8எம்பி4 என்ற எழுத்துக் குறியீட்டு முறையைக் குறிப்பிட்டுவிடுங்கள். 8.0 முதல் அதுவே இயல்பு. பழைய பதிப்புகளில் விட்டுவிட்டால் தமிழுக்குப் பதில் கேள்விக்குறிகளோ பிழைச் செய்தியோதான்.

நீளத்தை அளக்கும்போது கவனம். 'தமிழ்' என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. எஸ்க்யூலைட்டின் லெங்த் 5 என்று சொல்லும், த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று தனித்தனியாக எண்ணுவதால். மைஎஸ்க்யூஎல்லின் லெங்த் பைட் கணக்கு பார்ப்பதால் 15 என்று சொல்லும்.

அகரவரிசையும் தானாகச் சரியாக வராது. எஸ்க்யூலைட் யூனிகோட் எண் வரிசையில் அடுக்குகிறது. அதில் னகரம் நகரத்தை ஒட்டி, பகரத்துக்கு முன்னால் இருக்கிறது. ஆகவே கனிமொழி முன்னால் வருவார், கபிலன் பின்னால் போவார். நம் அகராதி வரிசை நேர் எதிர். கணேசனும் கண்ணனும் இதேபோல இடம் மாறுவார்கள், புள்ளியின் எண் உயிர்மெய்க் குறிகளுக்குப் பின்னால் இருப்பதால். பிராஜெக்ட் அளவுக்கு இதைத் தீர்த்தே ஆக வேண்டும் என்றில்லை. அறிக்கையில் குறைபாடுகள் என்ற பகுதியில் இரண்டு வரி எழுதினால் நன்றாக இருக்கும்.

எக்செலில் பட்டியல் தயாரித்து இம்போர்ட் செய்வதானால், சேமிக்கும்போது சிஎஸ்வி யுடிஎஃப்-8 என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வி தமிழைக் கெடுத்துவிடும்.

வம்பு செய்யும் தகவல்களைப் போடுங்கள்

ஐம்பது வரிசை ஒரே மாதிரி போடுவதைவிடப் பதினைந்து வரிசை யோசித்துப் போடுவது மேல். ஒரே பெயரில் இரண்டு மாணவர்கள். ஒரு நூலும் எடுக்காத ஒருவர். மூன்று ஆசிரியர் உள்ள நூல், பிரதியே இல்லாத தலைப்பு. ஒரே பிரதியை எடுத்து, திருப்பி, மறுபடியும் எடுத்தவர். 2025-12-20 அன்று எடுத்து, கெடு 2026-01-03 ஆக இருந்து, 2026-01-10 அன்று திருப்பியவர்: இங்கே தாமதம் 7 நாள் என்று வர வேண்டும், ஆண்டு மாறினாலும். பெயருக்குள் மேற்கோள் குறி உள்ள ஒருவரையும் சேருங்கள், ஆங்கிலத்தில் டிசோசா என்று எழுதும்போது வருமே, அதுபோல.

அப்புறம் வேண்டுமென்றே தப்பான வரிசைகளைப் போட்டுப் பாருங்கள். இல்லாத உறுப்பினர், வெளியே போன பிரதி, எடுப்பதற்கு முன்பே திருப்பிய தேதி. ஒவ்வொன்றுக்கும் பிழைச் செய்தி வர வேண்டும். அந்தத் திரைகளைப் படம் எடுத்து அறிக்கையில் சேருங்கள்.

கேள்விகளை எஸ்க்யூஎல் ஆக்குதல்

தாளில் எழுதிய கேள்விகளை இப்போது ஒவ்வொன்றாக எடுங்கள். ஒரு இடத்தை மட்டும் நெருக்கமாகப் பார்ப்போம்: ஒவ்வொரு உறுப்பினரும் எத்தனை முறை நூல் எடுத்திருக்கிறார்?

இரண்டு டேபிள்களை இணைக்கும் ஜாயினை வெறுமனே போட்டால், எடுக்காதவர்கள் பட்டியலிலேயே வரமாட்டார்கள். ஆகவே லெஃப்ட் ஜாயின்:

'செலக்ட் எம்.நேம், கவுண்ட்(எல்.லோன்_ஐடி) ஃப்ரம் மெம்பர் எம் லெஃப்ட் ஜாயின் லோன் எல் ஆன் எல்.மெம்பர்_நோ = எம்.மெம்பர்_நோ குரூப் பை எம்.மெம்பர்_நோ'

இதில் கவுண்ட்டுக்குள் லோன் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டால், ஒன்றும் எடுக்காதவருக்கும் 1 என்று வரும். லெஃப்ட் ஜாயின் அவருக்கு நல் நிரம்பிய ஒரு வரிசையை உண்டாக்குகிறது, நட்சத்திரம் அந்த வரிசையையும் எண்ணிவிடுகிறது. ஃபீல்டு பெயர் கொடுத்தால் நல்லை விட்டுவிட்டு எண்ணும், 0 வரும்.

இப்போது '2026-இல் எடுத்தவை மட்டும்' என்று சேர்க்க வேண்டும். கை தானாக வேர் எழுதப் போகும். எழுதினால் எடுக்காதவர்கள் மறுபடி காணாமல் போவார்கள், ஏனென்றால் அவர்களுடைய தேதி நல், நல் எந்த ஒப்பீட்டிலும் தேறாது. அந்த நிபந்தனையை ஆன் பகுதியிலேயே ஆண்ட் போட்டுச் சேருங்கள். குரூப் பையில் நேம் என்று எழுதாமல் மெம்பர்_நோ என்று எழுதியதற்கும் காரணம் இருக்கிறது. ஒரே பெயருள்ள இரண்டு பேரைச் சேர்த்தீர்களே, அவர்கள் ஒருவராகிவிடுவார்கள்.

குரூப் பையில் எஸ்க்யூலைட் ரொம்பத் தாராளம். தொகுக்காத ஃபீல்டைக் கேட்டாலும் ஏதோ ஒரு வரிசையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும். போஸ்ட்கிரெஸும், 5.7 முதல் மைஎஸ்க்யூஎல்லும் மறுத்துவிடும். பிழை வரவில்லை என்பதால் விடை சரி என்று நினைக்காதீர்கள். தகவல் கொஞ்சமாக இருக்கும்போதே விரல் விட்டு எண்ணிச் சரிபாருங்கள்.

தாமத நாள் கணக்குக்கு ஜூலியன்டே என்ற சார்பு இருக்கிறது. இரண்டு தேதிகளுக்கும் அதைப் போட்டுக் கழித்தால் நாள் வந்துவிடும்.

சேர்ந்தே நடக்க வேண்டியவை

நூல் திரும்பும்போது அபராதமும் பதிவாக வேண்டும் என்று ஃபைன் டேபிள் ஒன்று சேர்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லோனை அப்டேட் செய்ய வேண்டும், ஃபைனில் இன்சர்ட் செய்ய வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் நூல் திரும்பியிருக்கும், அபராதம் பதிவாகியிருக்காது. பிகின் போட்டு இரண்டையும் எழுதி, கமிட் கொடுங்கள். செய்து காட்ட வேண்டுமென்றால் நடுவில் ரோல்பேக் கொடுத்து, இரண்டுமே பழைய நிலைக்குப் போவதைக் காட்டுங்கள்.

டிபி பிரவுசரில் நீங்கள் மாற்றுவது எதுவும் ரைட் சேஞ்சஸ் அழுத்தும்வரை ஃபைலுக்குப் போகாது. அதை அழுத்தாமல் விட்டுவிட்டுப் பைத்தான் நிரலை ஓட்டினால், நிரல் எழுதப் போகும்போது 'டேட்டாபேஸ் இஸ் லாக்ட்' என்று பிழை வரும். பிழை நிரலில் இல்லை. அந்தப் பக்கம் போய் ரைட் சேஞ்சஸ் அழுத்துங்கள், சரியாகிவிடும். பைத்தானிலும் கமிட் மறந்தால் இதே கதைதான், இன்சர்ட் செய்தது நிரல் முடிந்ததும் காற்றில் போய்விடும்.

பைத்தானில் பயனர் அடித்த பெயரை எஸ்க்யூஎல் வரிக்குள் ஒட்டவைக்காதீர்கள். கேள்விக்குறி வைத்து, மதிப்பைத் தனியாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் டிசோசாவின் மேற்கோள் குறியிலேயே நிரல் விழுந்துவிடும். அதே ஓட்டை வழியாகத்தான் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன், அதாவது பயனர் தன் கட்டளையை உள்ளே நுழைக்கும் தாக்குதல், நடக்கிறது.

ஒப்படைப்பு

நான்கு பேர் குழுவில் டேட்டாபேஸ் ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருந்தால், ஃபைனல், ஃபைனல் நியூ, ஃபைனல் நியூ 2 என்று பெருகி, எது உண்மை என்று யாருக்கும் தெரியாது. மூன்று டெக்ஸ்ட் ஃபைல்கள் வையுங்கள்: டேபிள் கட்டளைகள் ஒன்றில், மாதிரித் தகவல்கள் ஒன்றில், கேள்விகளும் அவற்றுக்கான செலக்ட்களும் ஒன்றில். டேட்டாபேஸ் ஃபைலை எப்போது வேண்டுமானாலும் அழித்துவிட்டு, இந்த மூன்றையும் வரிசையாக ஓட்டி மறுபடி உண்டாக்க முடிய வேண்டும். ஒப்படைப்பதற்கு முன் குழுவில் வேறொருவரின் கணினியில் இதைச் செய்து பாருங்கள். மாதிரித் தகவலில் லோன் மெம்பருக்கு முன்னால் வந்திருந்தால் ஃபாரின் கீ பிழை அங்கே வெளிப்பட்டுவிடும். வரிசை இதுதான்: டிபார்ட்மென்ட், மெம்பர், டைட்டில், ஆத்தர், டைட்டில்_ஆத்தர், காப்பி, லோன்.

வைவாவுக்குப் போகும்போது முதலில் எழுதிய கேள்வித்தாளையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இண்டெக்ஸ் பற்றிக் கேட்டால் பேசிக்கொண்டிருக்காமல், ஒரு செலக்டுக்கு முன்னால் 'எக்ஸ்ப்ளெயின் க்வெரி ப்ளான்' சேர்த்து ஓட்டிக் காட்டுங்கள். உறுப்பினர் எண்ணை வைத்து லோனில் தேடினால் முதலில் ஸ்கேன் என்று வரும், டேபிள் முழுவதையும் படிக்கிறது என்று பொருள். மெம்பர்_நோவுக்கு ஒரு இண்டெக்ஸ் போட்டுவிட்டு அதே வரியை மறுபடி ஓட்டினால், சர்ச் என்றும் உங்கள் இண்டெக்ஸின் பெயரும் திரையில் வரும்.